விழா இனிதே நிறைவுற்றது என்று எழுதாதே

அன்புள்ள தங்கைக்கு,

பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டிப் பக்கம் ஏதோ ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துக்கொண்டு, லிட்டில் கைட்ஸ் மன்றத்தில் சேர்ந்து, கேமராவும் பள்ளிச் செய்தி எழுதும் வேலையும் கைக்கு வந்திருக்கிற உனக்கு இந்தக் கடிதம். நீ வண்டித்தாவளத்தில் இருந்தாலும் சரி, மீனாட்சிபுரத்திலிருந்தோ கன்னிமாரியிலிருந்தோ பஸ் ஏறிப் போகிறவளானாலும் சரி, சொல்ல வந்தது ஒன்றுதான். 2018 ஜனவரியில் கேரளத்தின் கைட் நிறுவனம் இந்த மன்றங்களைத் தொடங்கியது. எட்டாம் வகுப்பிலேயே தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். படம் பிடிக்கவும் வெட்டி ஒட்டவும் கணினியில் மலர் தயாரிக்கவும் சொல்லித் தருகிறார்கள். உன் தாத்தா காலத்தில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்கள் கார்பன் தாளுக்கே காசு தேடினார்கள். உனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கருவி நன்றாக இருந்தும் பள்ளிச் செய்திகள் பெரும்பாலும் படிக்கும்படி இல்லை. அதற்கு எழுதுகிற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். செய்தி என்று அவர்களுக்குக் காட்டப்பட்ட மாதிரியே தவறு.

அந்த மாதிரி உனக்கும் தெரியும். ‘பிரவேசனோற்சவம் வெகு விமரிசையாகக் கொண்டாடப்பட்டது. பி.டி.ஏ. தலைவர் தலைமை வகித்தார். தலைமையாசிரியர் வரவேற்புரை ஆற்றினார். மூத்த ஆசிரியர் நன்றி கூற, விழா இனிதே நிறைவுற்றது.’ பிரவேசனோற்சவம் என்ற பள்ளித் திறப்பு விழாவின் பெயரை எடுத்துவிட்டுச் சுற்றுச்சூழல் நாள் என்று போட்டுப் பார். பொருந்தும். ஜூன் 19 வாசிப்பு நாள் என்று போட்டாலும் பொருந்தும். அடுத்த வருஷத் தேதி போட்டாலும் ஒரு சொல்லும் பொய்யாகாது. எந்த நாளுக்கும் பொருந்துகிற ஒன்று அந்த நாளின் செய்தியாக இருக்க முடியாது. இது நன்றியுரையின் நகல். மேடையில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாது. அவர்களோ மேடையில் இருந்தவர்கள், அவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்.

தேர்வு முடிவையே எடுத்துக்கொள். மே மாதம் வந்தால் முச்சந்திக்கு முச்சந்தி ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள், ‘நூறு சதவீத வெற்றி’, ‘முழு ஏ பிளஸ்’ என்று. 2024-இல் கேரள எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.69 சதவீதம், எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 71,831 பேர். மாநிலம் முழுவதும் ஏறக்குறைய எல்லாரும் தேறும்போது உன் பள்ளியில் எல்லாரும் தேறினார்கள் என்பது மகிழ்ச்சி, ஆனால் தகவல் இல்லை. தகவல் அதற்கு அடுத்த கேள்வியில் இருக்கிறது. தமிழ் வழியில் பத்து முடித்தவர்கள் பிளஸ் ஒன்னுக்கு எங்கே போனார்கள்? எத்தனை பேருக்குக் கேட்ட பிரிவு கிடைத்தது, எத்தனை பேர் முதல் அலாட்மென்டில் கிடைக்காமல் காத்திருந்தார்கள், எத்தனை பேர் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் சேர்ந்தார்கள், தமிழில் படித்த இயற்பியலை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கிய முதல் மாதம் எப்படி இருந்தது? இதை எந்த நாளிதழும் வந்து கேட்காது. மாவட்டப் பதிப்பு பாலக்காடு முழுவதையும் சில பக்கங்களில் அடக்க வேண்டும். அதில் உன் வகுப்புக்கு இடம் கிடையாது. நீ கேட்டால் ஒரு மதிய இடைவேளையில் பாதி விவரம் கிடைத்துவிடும்.

இன்னொன்று சொல்கிறேன், இது இன்னும் முக்கியம். பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் என்று கணக்கு எடுப்பார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த வருஷம் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவாகிறது. ஸ்டாஃப் ரூமில் ‘டிவிஷன் போச்சு’ என்று பேசிக்கொள்வது இதைத்தான். மலையாள வழியில் ஒரு டிவிஷன் போனால் பிள்ளைகள் அடுத்த டிவிஷனில் போய் உட்காருவார்கள். தமிழ் வழியில் பல இடங்களில் இருப்பதே ஒன்று. அது போனால் உட்கார அடுத்த அறை இல்லை. ஆகவே ஆறாவது நாள் கணக்கு உன் பள்ளியில் வருஷம் முழுவதும் நடக்கிற எந்த விழாவையும்விடப் பெரிய செய்தி. அன்று தமிழ் வழி எட்டாம் வகுப்பில் எத்தனை பேர், போன வருஷம் எத்தனை, அதற்கு முந்தைய வருஷம் எத்தனை என்று மூன்று எண்களை வரிசையாகப் போட்டுவிட்டு நிறுத்து. அடைமொழி ஒன்றுகூட வேண்டாம். படிக்கிற ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் மீதியைப் புரிந்துகொள்வார்கள். (அரசு மதிய உணவு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறதே, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்பதும் இதே வகைச் செய்திதான். விசாரித்துப் பார்.)

சின்ன விஷயங்களைத் தேதி போட்டு எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு உன் ஊராட்சியைவிட நல்ல சாட்சி இந்தியாவில் இல்லை. பிளாச்சிமடை உங்கள் பெருமாட்டியில்தான் இருக்கிறது. 2000-இல் கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. அதற்குப்பின், கிணற்றுநீரில் பருப்பு வேகவில்லை, வடித்த சோறு கெடுகிறது, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று சுற்றியிருந்த குடியிருப்புப் பெண்கள் சொன்னதுதான் தொடக்கம். அடுப்படியில் நின்று பார்த்த விஷயம். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் எரவாளர் சமூகத்து மயிலம்மா. 2003 ஏப்ரலில் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே வருஷம் டிசம்பர் 16-ல், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காப்பாளர் மட்டுமே என்று உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இந்த வரிசையை நீ வகுப்பில் கேட்டிருப்பாய். அடுத்தது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. 2005 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நாளைக்கு 5 லட்சம் லிட்டர்வரை எடுக்கலாம் என்று அனுமதித்தது. ஒரு வல்லுநர் குழுவின் அறிக்கையை வைத்து, தண்ணீர் குறைந்ததற்கு மழைக்குறைவும் காரணம் என்ற வாதம் அங்கே எடுபட்டது.

கிணறு வற்றியது ஆலையாலா, மழை பொய்த்ததாலா? இந்தக் கேள்விக்கு உணர்ச்சியால் பதில் சொல்ல முடியாது. ஆலை வருவதற்கு முந்தைய பத்து வருஷங்களில் இந்தக் கிணற்றில் சித்திரையில் நீர் எத்தனை அடியில் நின்றது, அந்த வருஷம் எவ்வளவு மழை என்ற தாள் வேண்டும். அப்படி ஒரு தாளை எழுதக்கூடியவர்கள் யார்? மாதம் ஒருநாள், ஒரே கிணற்றுக்கு, வருஷக்கணக்கில் போகக்கூடிய ஆட்கள் ஒரு கிராமத்தில் பள்ளிப் பிள்ளைகள்தான். கயிற்றில் கல்லைக் கட்டி, கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்மட்டம்வரை அளந்து, தேதி, நேரம், மோட்டார் நின்று எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் குறித்துக்கொள். மோட்டார் ஓடி முடித்த கையோடு அளந்தால் எண் பொய் சொல்லும். பள்ளி மொட்டைமாடியில் நேரான சுவருள்ள ஒரு புட்டியும் அளவுகோலும் இருந்தால் மழையும் கணக்கில் வந்துவிடும். மாதச் செய்தித்தாளின் கடைசிப் பத்தியில் இரண்டு எண்களை அச்சிடு. முதல் வருஷம் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏழாவது வருஷம் அது ஆவணம். பிளாச்சிமடை இழப்பை 2010-இல் அரசுக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. அதை வாங்கித்தர 2011-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் திரும்பிவிட்டது. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே போய்விட்டார். அவர் வாழ்க்கை, அவர் சொல்லக் கேட்டு, ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதியதால் நமக்குக் கிடைத்தது. இந்த மண்ணின் கதையைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. இனி உள்ளிருந்தும் எழுதட்டும்.

எண்களிலும் ஏமாறலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்றால் ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். ஆலைக்கு அனுமதித்த நாளைக்கு 5 லட்சம் லிட்டரை வருஷத்துக்குப் பெருக்கினால் 18 கோடியே 25 லட்சம் லிட்டர்தான் வருகிறது. இதை அதோடு ஒப்பிட்டு, ‘கடலில் கரைத்த பெருங்காயம், இதற்கா போராட்டம்?’ என்று ஒருவர் கேட்கலாம். கணக்கு சரி, கேள்வி தப்பு. ஆலைக்குப் பக்கத்துக் குடியிருப்பு மணக்கடவில் போய்க் குடிப்பதில்லை. தன் கிணற்றில் குடிக்கிறது. எந்த எண்ணை எதன் பக்கத்தில் வைப்பது என்பதுதான் செய்தி எழுதுகிறவளின் பொறுப்பு.

‘இதையெல்லாம் எழுத ஹெச்.எம். விடுவாரா?’ என்று கேட்பாய். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ‘ஸ்பெக்ட்ரம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். 1983-இல் தலைமையாசிரியர் இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டார். ஒரு கட்டுரை பள்ளியில் கருவுற்ற மாணவிகளைப் பற்றியது, இன்னொன்று பெற்றோரின் மணமுறிவு பற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1988 ஜனவரியில் ஐந்துக்கு மூன்று என்று பள்ளிக்குச் சாதகமாக முடிந்தது. மாணவர் உரிமைக்குச் சரிவு என்று அதைச் சொல்வார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் தலைமையாசிரியர் சொன்ன காரணங்களைப் பார். பெயரை மாற்றியும் அந்த மாணவிகள் யாரென்று கண்டுபிடித்துவிடலாம்; அப்பாவைக் குறை சொல்லும் கட்டுரையில் அந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த இரண்டும் எந்த நல்ல ஆசிரியர் குழுவும் எழுப்பியிருக்க வேண்டிய கேள்விகள். ஆகவே உன் தலைமையாசிரியர் கேட்கப்போவதை நீயே முதலில் கேட்டுவிடு. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுமுன், ஏன் வரவில்லை, எப்போது சரியாகும் என்று அவரிடமே கேட்டு அவர் பதிலையும் சேர்த்துப் போடு. பதில் இருக்கிற செய்தியைத் தடுக்க அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கை அவ்வளவு எளிதில் வராது. அப்படியும் தடுத்தால், எண்ணை மட்டும் எழுது. எண்ணோடு சண்டை போடுவது கடினம்.

பிள்ளைகளின் பெயர் விஷயத்தில் மட்டும் நான் தலைமையாசிரியர் கட்சி. படிப்பை நிறுத்திய பெண், வீட்டில் அடி வாங்குகிற பையன், கட்டணம் கட்டாதவன் யாரையும் பெயராலோ வீட்டு அடையாளத்தாலோ படத்தாலோ காட்டாதே. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டப்படி குற்றம் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெருமாட்டி போன்ற ஊரில் ‘ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஆலைப் பக்கம் வீடு’ என்றாலே போதும், சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குத் தெரிந்துவிடும்.

‘சந்தோஷமான செய்தியே வேண்டாமா?’ என்பது இன்னொரு ஆட்சேபம். வேண்டும், ஆனால் அதையும் செய்தியாகவே எழுது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலப் பள்ளிக் கலோற்சவத்தில் திருச்சூர் 1008 புள்ளி, பாலக்காடு 1007. ஒரே ஒரு புள்ளியில் தங்கக் கோப்பை போயிற்று. ‘நம் மாவட்டம் சிறப்பாகப் பங்கேற்றது’ என்று எழுதினால் அந்த ஒரு புள்ளியின் வலியும் பெருமையும் இரண்டும் காணாமல் போகும். உன் பள்ளியில் தமிழ்ப் பத்யம் சொல்லலில் (செய்யுள் ஒப்பித்தலில்) ஒரு பெண் பரிசு வாங்கினால், பரிசு வழங்கியவர் பெயரைவிட, அவள் எந்தப் பாட்டைச் சொன்னாள், எத்தனை நாள் பழகினாள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்கு இடம் கொடு.

சிறு பிள்ளைகள் எழுதி என்ன ஆகும் என்று சிலர் சிரிப்பார்கள். 1926-இல் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் என்பவர் யூதப் பிள்ளைகள் எழுதி அனுப்புவதையே வைத்து ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். 1939-இல் போர் வெடிக்கும்வரை அது வந்தது. அன்றைய அந்தப் பிள்ளைகளின் தெருவும் வகுப்பறையும் எப்படி இருந்தன என்று இன்று அதில் தேடுகிறார்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1956-இல் மாநில எல்லைக்கோடு போட்டபோது சித்தூர் கேரளப் பக்கம் நின்றது. 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழருக்கும் கன்னடருக்கும் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத இடம் கொடுத்தார்கள். எழுதினால்தானே அந்த இடம் நிற்கும். கலோற்சவம், பஞ்சாயத்து மெம்பர், அலாட்மென்ட் என்று வீட்டில் சொல்கிறபடியே எழுது. சென்னைத் தமிழுக்காக அவற்றைத் துடைக்காதே. உன் பாட்டிக்கு வாசித்துக் காட்டி, அவருக்குப் புரியாத வாக்கியத்தை அடித்துவிடு.

ஜூன் வந்தால் ஆறாவது வேலைநாள் இரண்டாம் வாரத்துக்குள் வந்துவிடும், கண்ணு. போன வருஷக் கணக்கை ஆபீசில் இப்போதே கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
உன் வாசகர்களில் ஒருவர்