கரணமும் காண்போனும்

ஒருவன் நம்மை இகழ்ந்துரைத்தானாக. மனம் அச்சொல்லைப் பற்றும். அகங்காரம் ‘என்னையோ உரைத்தான்?’ என்றெழும், புத்தி ‘இவன் பகைவனே’ எனத் துணியும், சித்தம் அதனையே நாள்முழுதும் சிந்திக்கும். இஃது நாடோறும் நம்பால் நிகழ்வதே.

இக்கால உளமருத்துவருட் பலர், இவ்வெண்ணங்களை ‘நான்’ எனக் கொள்ளாது வேறுநின்று நோக்கப் பயிற்றுவர். அந்தக்கரணங்கள் ஆன்மா அல்ல; ஆன்மா அரசனும் அவை அமைச்சரும் போலும் எனச் சிவஞானபோதம் 4-ஆம் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் தெளிவித்தமையின், இவ்வளவில் அது நமக்கும் உடன்பாடே.

அற்றேல், வேறுநின்று நோக்கும் உயிர் தானே அறியவல்லதோ எனின், அன்று. கண், உயிர் காட்டக் காணும். உயிர், சிவம் காட்டக் காணும். ஆகலின், ‘சினத்தை யானே வென்றேன்’ எனத் தருக்குதல் மீண்டும் அகங்காரத்தின் எழுச்சியேயாம்.

செஞ்சியைச் சார்ந்த பனமலையில், கி. பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கற்றளியில், திருக்கூத்தினைக் காணும் உமையம்மையின் ஓவியம் உளது. கூத்தனுரு பெரிதும் சிதைந்தது. குடைக்கீழ் நின்று காணும் அம்மை இன்றும் விளங்குகின்றாள். உயிர்கள்பொருட்டே அம்மை கூத்தினைக் காண்கின்றாள் என்பது நம் மரபு. ஆதலின், சினந் தணிந்தவழித் தணிவித்த திருவருளை நினைதலே நமக்குக் கடன் என்க.