எஞ்சினுள் அயற்பொருள் புகாமற் காத்தல்

எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியை இன்டேக் மேனிஃபோல்டு என்பர். அதற்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையில் வைத்து இறுக்கப்படுவதே கேஸ்கட். அது நைந்துவிட்டால், வடிகட்டியின் வழியே வராத காற்று இடுக்கினூடே உட்புகும். பெட்ரோல் எஞ்சினில் கலவையின் விகிதம் கெடும். டர்போ பொருத்தப்படாத டீசல் எஞ்சினில் புழுதி நேரே சிலிண்டரை அடையும். ஆகவே, பழுதான கேஸ்கட்டை மாற்றுதல் இன்றியமையாதது. ஆயினும், மாற்றும் அந்தச் சிறிது நேரத்தில்தான் எஞ்சினுக்குப் பேரபாயம் நேரக்கூடும். மேனிஃபோல்டைக் கழற்றியவுடன், வடிகட்டி நாள்தோறும் காத்துவந்த வாயில் திறந்து கிடக்கிறதன்றோ?

சிறு பொருளும் பெருந்தீங்கும்

பெங்களூர் லால்பாக்கிலுள்ள பாறையைப் பலரும் கண்டிருப்பர். ஏறக்குறைய 300 கோடி ஆண்டுத் தொன்மையுடைய நைஸ் வகைப் பாறை அது. இத்தகைய பாறைகள் சிதைந்தே நம் சாலைப் புழுதியிலுள்ள மணல் உண்டாகிறது. அதன் முக்கியப் பகுதியான குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவையில் 7. பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ 3-க்கும் குறைவு. மணல் எண்ணெயுடன் கலந்து சுழலும்போது பிஸ்டன் வளையங்களும் பேரிங்குகளும் தேய்வதில் வியப்பில்லை.

வாஷர் விழுந்தால் தீங்கு உடனே விளையும். பல டீசல் எஞ்சின்களில், பிஸ்டன் உச்சநிலையை அடையும்போது அதற்கும் ஹெட்டுக்கும் இடையே எஞ்சுவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டரே. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குரிய சாதாரண வாஷரின் கனமோ 1.6 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 1,500 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டன் விநாடிக்கு 25 முறை மேலேறி அவ்வாஷரை மோதும்.

விமானத் தொழில் கற்பிக்கும் பாடம்

எஞ்சின் பராமரிப்பில் பெங்களூருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையுடன் இங்கு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை நிறுவினார். 1943 முதல் அது அமெரிக்க இராணுவ விமானங்களையும் எஞ்சின்களையும் பழுதுபார்க்கும் நிலையமாக இயங்கிற்று. ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சின்களை உற்பத்தி செய்ய 1957-இல் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அவ்வகை எஞ்சின்கள் இரண்டைக் கொண்ட மாருத் விமானம் 1961 ஜூன் 17 அன்று முதன்முறையாகப் பறந்தது.

எஞ்சினுள் இருக்கத் தகாத எப்பொருளையும் விமானத் தொழிலில் அயற்பொருள் என்பர். ஜெட் எஞ்சினுள் புகும் ஒரு நட்டு, சுழலும் இதழ்களைச் சிதைத்துவிடும். ஆதலால், விமானப் பணிமனைகளில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே ஓரிடம் குறிக்கப்படும். வேலை முடிந்தபின் ஓரிடம் வெறுமையாயிருப்பின், அக்கருவி கிடைக்கும்வரை விமானத்தை வெளியே விடலாகாது. இவ்வொழுங்கு ஜீப்புக்கும் நீரிறைக்கும் டீசல் பம்புக்கும் அப்படியே பொருந்தும்.

செய்முறை

1. எஞ்சின் ஆறியபின் பாட்டரி இணைப்பைக் கழற்றுக. போல்ட்டுகளைத் தளர்த்துமுன் சுற்றுப்புறத்தைத் தூரிகையால் துடைத்துச் சுத்தம் செய்க.

2. கழற்றிய நட்டு, போல்ட், வாஷர்களை எண்ணித் தட்டில் வைத்து, எண்ணிக்கையை எழுதிக்கொள்க.

3. மேனிஃபோல்டை எடுத்தவுடன் ஒவ்வொரு துளையையும் நூல் பிரியாத தூய துணியால் அடைக்க. துணியின் முனை வெளியே நீண்டு தெரிதல் வேண்டும். வேஸ்ட் பஞ்சு கூடாது. அதன் நூலே அயற்பொருளாகும். துணிகளையும் எண்ணுக.

4. பழைய கேஸ்கட்டை மழுங்கிய பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்க. முனையில் சிறிது கிரீஸ் தடவினால் துகள்கள் அதிலேயே ஒட்டும். தேய்ப்புத் தகடும் உப்புத்தாளும் விலக்கத்தக்கவை. அவற்றின் துகள் பேரிங்கை அரிக்கும். காற்றை ஊதித் துகளை விரட்டாமல், உறிஞ்சும் கருவியால் அகற்றுக.

5. துணிகளை எண்ணி எடுத்து, விளக்கொளியில் துளைகளைப் பார்த்தபின் புதிய கேஸ்கட்டைப் பொருத்துக.

6. இயக்குமுன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றுக. ஓரிடத்தில் தடை தோன்றினால் பலவந்தம் செய்யலாகாது.

பொருள் விழுந்துவிட்டால்

எண்ணிக்கை குறைந்தால் எஞ்சினைச் சிறிதும் சுழற்றுதல் கூடாது. இரும்பைக் காந்தம் எடுக்கும். அலுமினியம், பித்தளை, கேஸ்கட் துண்டு ஆகியவற்றைக் காந்தம் எடுக்காது. அவற்றை மெல்லிய குழாயால் உறிஞ்ச வேண்டும். அதுவும் பயன்படாவிடில் ஹெட்டைக் கழற்றுவதே வழி. ஒரு நாள் வேலை கூடுமேயன்றி எஞ்சின் பிழைக்கும். மேற்பார்வையாளர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும்: வாஷரைத் தவறவிட்டேன் என்று உண்மை உரைத்தவரைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை எவரும் சொல்லமாட்டார்.

வகுப்பறையில்

சாலை மணலைக் கண்ணாடித் துண்டின்மீது தேய்த்துக் காட்டுக. கீறல் தெளிவாகத் தெரியும். பின்னர் மாணவரிடம் ஒரு கணக்கைக் கேட்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வோர் உள்வால்வும் 720 பாகைச் சுழற்சியில் ஏறக்குறைய 230 பாகை திறந்திருக்கும். அவை 180 பாகைக்கு ஒன்றாகத் திறக்கத் தொடங்கும். எல்லா உள்வால்வுகளும் ஒருங்கே மூடியிருக்கும் நிலை உண்டா? இல்லை, எப்போதும் ஒன்றேனும் திறந்தேயிருக்கும். எனவே, வால்வு காக்கும் என்று நம்பலாகாது; துணியும் எண்ணிக்கையுமே காக்கும்.