பாறையை அறுத்த ஆறு

பாலராமபுரத்தைச் சுற்றித் தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் பசுமை மாறாமல் நிற்கின்றன. இடவப்பாதியும் துலா மழையும் ஆண்டுதோறும் இந்நிலத்தை நனைக்கின்றன. அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு அருகே ஓடுகிறது. மழை குறைந்த நாட்டில் ஓடும் ஆறு எவ்வாறு இருக்கும்? அதனை அறியக் கண்டிக்கோட்டைக்குச் செல்வோம்.

கண்டிக்கோட்டை, ஆந்திர மாநிலத்தின் கடப்பை மாவட்டத்தில் உள்ளது. அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டால் பாலை ஆகும் என்கிறது சிலப்பதிகாரம். அக்கருத்தைக் கண்ணால் காட்டுவது போன்றது இந்நிலம்.

கருநாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் வடபெண்ணையாறு, இங்கு எர்ரமலைக் குன்றுகளை ஊடறுத்துச் செல்கிறது. வெள்ளம் அடித்துவரும் மணலும் கல்லும் ஆற்றின் படுகையை உளிபோலச் செதுக்குகின்றன. மழை மிகுந்த நாட்டில் பாறை விரைவில் நைந்து, மலைச்சரிவு மென்மையாகிறது. இங்கோ மழை குறைவு, பாறையும் கடினமானது. ஆதலால் ஆறு அறுத்த சுவர்கள் செங்குத்தாகவே நிற்கின்றன. தெலுங்கில் ‘கண்டி’ என்பது மலையிடுக்கைக் குறிக்கும். அதன் விளிம்பில் எழுந்த கோட்டை கண்டிக்கோட்டை ஆயிற்று. ஒருபுறம் ஆழ்ந்த பள்ளம் அகழியாகக் காக்க, உள்ளே மாதவராயர் கோயிலும் மசூதியும் தானியக் களஞ்சியமும் இன்றும் உள்ளன.

ஆற்றின் மேற்போக்கில் கண்டிக்கோட்டை நீர்த்தேக்கமும் கீழ்ப்போக்கில் மயிலாவரம் நீர்த்தேக்கமும் அமைந்துள்ளன. கண்டிக்கோட்டை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 26.85 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வடபெண்ணையாற்று வெள்ளத்தை மட்டும் நம்பாமல், கிருட்டிணை ஆற்றின் சிறீசைலம் அணையிலிருந்தும் கால்வாய் வழியே இங்கு நீர் கொண்டுவரப்படுகிறது. செந்நிறப் பாறைகளுக்கிடையே நீலநீர் விரியும் காட்சி காண்போர் உள்ளத்தைக் கவர்கிறது.

அந்நீரின் அடியில் ஊர்களும் உள்ளன. 2020இல் நீர்மட்டம் உயர்ந்தபோது, தாள்ளபுரொத்தட்டூர் மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேறினர். தெருவும் வயலும் நீருள் மறைந்தன. வறண்ட வயல்களுக்கு நீர் வேண்டும் என்பது உண்மை. அதற்காகச் சிலர் தம் ஊரையே இழந்தனர் என்பதும் உண்மை. நீர்த்தேக்கத்தின் அழகைக் காணும்போது இவ்விரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய உங்களுக்கு அவ்விழப்பு எளிதில் விளங்கும். ஆயினும் உங்கள் பெற்றோர் விட்டுவந்த ஊருக்கு விடுமுறையில் பேருந்தேறிச் செல்லலாம். அவர்கள் ஊருக்குச் செல்ல வழியில்லை.

சொற்பொருள்
ஊடறுத்து – நடுவே பிளந்துகொண்டு
படுகை – ஆற்றின் அடித்தளம்
அகழி – கோட்டையைச் சூழ்ந்த நீர்ப்பள்ளம்
களஞ்சியம் – தானியம் சேர்த்து வைக்கும் இடம்

பயிற்சி
1. கண்டிக்கோட்டை என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. பள்ளத்தாக்கின் சுவர்கள் செங்குத்தாக நிற்பதற்குக் காரணங்கள் யாவை?
3. பிரித்து எழுதுக: நீர்த்தேக்கம், செந்நிறம், மலையிடுக்கு.
4. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் கேட்டு, அவர்கள் ஊரிலுள்ள குளம் அல்லது ஆற்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.