மீண்டு வரும் வானவூர்தி

முன்னுரை

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் 27ஆம் பாடல், புலவர் பாடும் புகழுடையோர் தம் வினையை முடித்தபின், பாகன் இன்றித் தானே இயங்கும் ஊர்தியில் விண்ணுலகு அடைவர் என்னும் நம்பிக்கையைக் கூறுகிறது. 30ஆம் பாடல், கதிரவனின் இயக்கத்தையும் காற்றின் போக்கையும் தாங்குவாரின்றி நிற்கும் வானத்தையும், அங்கே போய்ப் பார்த்து வந்தவர்களைப் போல உரைக்கும் அறிஞர்கள் இருந்தமையைச் சுட்டுகிறது.

இப்பாடல்களைக் காட்டிப் பண்டைத் தமிழர் விண்கலம் செலுத்தினர் என மேடையில் முழங்குவோர் உளர். பாடலின் பொருள் அதுவன்று. முதற்பாடல் கூறும் ஊர்தி மறுமைக்கு உரியது. அது மீண்டு வருவதில்லை. அடுத்த பாடல் போகாமலே அறியும் அறிவின் பெருமையைப் பேசுவது. எனினும் இவை நம் காலத்திற்குரிய வினா ஒன்றை எழுப்ப உதவுகின்றன. போகாமலே அறிய முடியுமெனின், பெரும்பொருள் செலவிட்டு, உயிரைப் பணயம் வைத்து, மனிதன் விண்ணுக்குப் போவது எதற்காக? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போகாமல் அறிந்தவை

போகாமல் அறிந்தமைக்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஜெயமங்கலத்து வயல்வெளிகளுக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் கொடைக்கானல் மலைமேல் 1899இல் சூரிய ஆய்வகம் நிறுவப்பெற்றது. அங்குப் பணியாற்றிய ஜான் எவர்ஷெட், சூரியனின் கரும்புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கண்டறிந்தார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மலைமேல் நின்றே அவர் கதிரவனை அளந்தார்.

2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். அக்கலத்தில் மனிதர் எவரும் இல்லை. எனவே, கருவியால் முடிவதற்கு மனிதன் எதற்கு என்னும் வினா வலுவுடையதே.

இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தையாகிய விக்ரம் சாராபாயும் இதனை எண்ணிப் பார்த்தவர். நிலவுப் பயணத்திலும் மனிதரை விண்ணுக்கு அனுப்புவதிலும் செல்வ நாடுகளோடு போட்டியிடும் கனவு நமக்கு இல்லை என்றும், உயர் தொழில்நுட்பத்தை மனிதரின் உண்மைச் சிக்கல்களுக்குப் பயன்படுத்துவதில் நாம் எவருக்கும் பின்தங்கலாகாது என்றும் அவர் கருதினார். அவர் வகுத்த அளவுகோலைக் கொண்டே மனிதப் பயணத்தை மதிப்பிடுதல் முறையாகும்.

உயிர்கள் கற்பித்த பாடம்

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடங்களில் புவியைச் சுற்றி மீண்டார். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் நடந்து மீண்டனர். இவை யாவரும் அறிந்தவை. ஆனால் மீளாதவர்களும் உண்டு.

1971 ஜூன் 30 அன்று சோயுஸ்-11 கலம் பழுதின்றித் தரையிறங்கியது. கதவைத் திறந்தபோது உள்ளிருந்த மூவரும் உயிரிழந்திருந்தனர். காற்றுத் திறப்பு ஒன்று உரிய நேரத்திற்கு முன்பே திறந்துகொண்டதால் அறையின் காற்று வெளியேறிவிட்டது. அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. அதன்பின் சோயுஸ் வீரர்கள் புறப்படும்போதும் திரும்பும்போதும் அழுத்த உடை அணிவது கட்டாயமாயிற்று. 1984 ஏப்ரல் 3 அன்று இராகேஷ் சர்மா சோயுஸ் டி-11இல் புறப்பட்டபோது அவ்வுடையோடுதான் சென்றார். விண்ணிலிருந்து இந்தியா எவ்வாறு தோன்றுகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி வினவியபோது, கவிஞர் இக்பாலின் பாடலடியால் அவர் விடையிறுத்தது நாடறிந்த செய்தி. அவ்விடை நம் செவிக்கு எட்டியதற்கும் அவர் ஏப்ரல் 11 அன்று நலமாக மீண்டதற்கும் பின்னால், முன்பு மாண்ட மூவர் விட்டுச்சென்ற பாடம் இருந்தது.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் எழுவர் மாண்டனர். கடுங்குளிரில் ஏவுதல் கூடாது எனப் பொறியாளர் சிலர் முந்தைய நாளே எச்சரித்திருந்தும், அச்சொல் ஏற்கப்படவில்லை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா கலத்தில், கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரை உலகம் இழந்தது. எச்சரிக்கும் சிறு குரலுக்குப் பெரும் அதிகாரம் செவிசாய்க்க வேண்டும் என்பது இவ்விழப்புகள் கற்பித்த நெறி. அந்நெறி விண்வெளிக்கு மட்டும் உரியதன்று. மருத்துவமனைக்கும் பாலத்திற்கும் அணைக்கும் அதுவே பொருந்தும்.

மகேந்திரகிரியின் நெருப்பு

ககன்யான் திட்டத்தின் அடிப்படையும் இப்பாடமே. மனிதரை ஏற்றிச் செல்லும் ஏவூர்திக்குரிய கிரையோஜெனிக் எந்திரத்தின் தகுதிச் சோதனைகள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நடைபெற்றன. தேவைப்பட்ட சோதனை நேரம் 6,350 விநாடிகள். நான்கு எந்திரங்களை 39 முறை எரியச் செய்து 8,810 விநாடிகள் சோதித்தனர். 2024 பிப்ரவரியில் அப்பணி நிறைவுற்றது. வேண்டிய அளவிற்கு மேலும் ஈராயிரம் விநாடிகளுக்கு மிகுதியாகச் சோதித்தமை, ஓருயிருக்கு நாம் கொடுக்கும் மதிப்பின் அளவாகும்.

2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், ஆபத்து நேரின் வீரர்களை ஏவூர்தியினின்று பிரித்து மீட்கும் அமைப்பினைச் சோதித்தனர். புறப்பட ஐந்து விநாடிகள் இருக்கையில் கணினி தானே நிறுத்திவிட்டது. கோளாற்றைக் கண்டு நீக்கியபின் ஏவினர். கலம் வங்கக் கடலில் இறங்கியது. தப்பும் வழி செவ்வனே அமைந்ததா என்பதை முதலில் சோதித்து, பின்னரே பயணத்தை எண்ணுகின்றனர். 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பெற்ற நான்கு வீரர்களுள் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர்.

மண்ணுக்கு வந்த பயன்

நீரின் அருமையைக் கம்பம் பள்ளத்தாக்கிற்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முல்லைப் பெரியாற்று நீரை எதிர்நோக்கி வாழும் பூமி இது. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலோ வியர்வையும் மூச்சின் ஈரமும் சிறுநீரும் தூய்மை செய்யப்பெற்று மீண்டும் குடிநீராகின்றன. 2023இல் இம்மீட்பு 98 விழுக்காட்டை எட்டியது. மனிதன் அங்கு வாழாதிருந்தால் இத்தகைய சிக்கனம் பிறந்திராது.

எடையற்ற நிலையில் உடலைத் தாங்கும் எலும்புகள் திங்களொன்றுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு அடர்த்தியை இழக்கின்றன. முதியோரின் எலும்புத் தேய்வை ஆராய்வோர்க்கு அவ்வீரர்களின் உடலே நூலாகிறது. 2025 ஜூன் 25 அன்று புறப்பட்ட சுபான்ஷு சுக்லா, பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அடைந்த முதல் இந்தியர் ஆனார். அங்கே அவர் பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்கும் விதத்தை ஆராய்ந்து, ஜூலை 15 அன்று புவிக்கு மீண்டார். நம் அடுக்களைத் தானியங்கள் விண்ணின் ஆய்வுப் பொருளாயின.

மனிதன் விண்ணுக்கு உடலை மட்டும் கொண்டு செல்வதில்லை. 2007 ரமலான் மாதத்தில் மலேசிய மருத்துவர் ஷேக் முஸாபர் விண்வெளி நிலையம் சென்றார். நாளொன்றுக்குப் பதினாறு முறை புவியைச் சுற்றும் இடத்தில் தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் கொள்வது எங்ஙனம் என்பதற்கு அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் வழிகாட்டு நெறிகளை வகுத்தனர். கருவியை அனுப்பியிருந்தால் இவ்வினா எழுந்திராது. மனிதன் செல்லுமிடமெல்லாம் அவன் கடமையும் உடன் செல்கிறது.

முடிவுரை

சாராபாயின் அளவுகோலைக் கொண்டு நோக்கின், கொடியை நடுவதற்கான பயணம் வீண் செலவே. ஓருயிரை நலமாக மீட்டுக் கொணரும் பொறுப்பினால் நீரையும் காற்றையும் உடலையும் பற்றி நாம் கற்பவை மண்ணில் வாழ்வோர்க்குப் பயன்படுமாயின், அச்செலவு தகும். ஆகவே இத்தகைய பயணத்தைச் சென்ற உயரத்தால் அளப்பதினும், மீண்டவர் நலத்தாலும் அவர் கொணர்ந்த அறிவாலும் அளத்தலே பொருத்தமுடையது. பாடமும் கணக்கும் சலிப்புத் தரும்போது மகேந்திரகிரியின் 39 சோதனைகளை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். முதுகண்ணன் சாத்தனார் பாடிய ஊர்தி வினை முடித்தோரைச் சுமந்து சென்றது. இற்றைநாள் ஊர்தியோ வினை இன்னும் முடியாதவரைச் சுமக்கிறது. ஆதலின் அது மீண்டே ஆக வேண்டும்.