போர்டில் ‘அலர்ஜி சங்க உறுப்பினர்’: நம்பலாமா?

கேள்வி: என் அம்மா மரக்காணம் உப்பளத்தில் பல வருஷமாக உப்பு சுமக்கிறார். விடியற்காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் தண்ணீராகக் கொட்டுகிறது. மழைக்காலத்தில் வேலை நின்றாலும் தும்மல் நிற்பதில்லை. மருந்துக்கடையில் வாங்கிய மூக்குச் சொட்டு மருந்து இல்லாமல் இப்போது தூக்கமே வருவதில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, கத்தரிக்காயிலிருந்து கருவாடு வரை ஒதுக்கச் சொல்லிப் பட்டியல் கொடுத்தார்கள். வாசல் போர்டில் ‘அலர்ஜி சங்க உறுப்பினர்’ என்று இருக்கிறது. அந்தச் சங்கம் என்ன செய்கிறது? அங்கே புகார் கொடுக்கலாமா?

வாசகர், மரக்காணம்

பதில்: புகார் என்றால் சங்கத்திடம் போய்ப் பயனில்லை. மருத்துவரின் பதிவு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் வேலை. அது 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட அமைப்பு. பதிவெண்ணை மருத்துவர் தம் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்று 2002 ஒழுங்கு விதி சொல்கிறது. போர்டில் முதலில் அதைத் தேடுங்கள். அடுத்து, எம்.எஸ். (இ.என்.டி.) அல்லது டி.எல்.ஓ. என்ற காது மூக்கு தொண்டைப் படிப்பு. சங்க உறுப்பினர் என்பது படிப்பு அல்ல, சந்தா கட்டிச் சேர்வது.

அப்படியானால் சங்கம் எதற்கு? இந்தியக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் போன்றவை மாநாடு நடத்துகின்றன, ஆய்விதழ் வெளியிடுகின்றன, இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி தருகின்றன. நோயாளிக்கு நேரடியாக உதவுவது இப்படிப்பட்ட அமைப்புகளும் நிபுணர் குழுக்களும் வெளியிடும் சிகிச்சை நெறிமுறைகள்தான். மூக்கு அலர்ஜிக்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படுவது ‘அரியா’. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 1999-இல் நிபுணர்கள் கூடிப் பேசி, 2001-இல் வெளியிட்டது. மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுப்பாதை, மூக்கு அலர்ஜி உள்ளவரிடம் ஆஸ்துமா இருக்கிறதா என்றும் பார்த்தே ஆக வேண்டும் என்பது அதன் அடிப்படை. அம்மாவுக்கு இளைப்போ இரவு இருமலோ உண்டா என்று அந்த கிளினிக்கில் கேட்டார்களா?

அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு இருந்தால் அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். உணவு அலர்ஜியைக் கண்டறிய அதன் ஒரு வகையான ஐஜிஜி-4 சோதனை உதவாது என்று ஐரோப்பிய அலர்ஜி சங்கம் 2008-லேயே அறிவித்துவிட்டது. அலர்ஜியோடு தொடர்புள்ள ஐஜிஇ (IgE) என்றிருந்தாலும், சாப்பிட்டுத் தொந்தரவு வராத பொருளை ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் நிறுத்தக் கூடாது. வெயிலில் உப்பு சுமக்கிறவரின் தட்டிலிருந்து மீனையும் கருவாட்டையும் காரணமின்றி எடுப்பது கொடுமை.

உப்புத்தூள் மூக்கை எரிக்கும், உறுத்தும். அலர்ஜியை உண்டாக்குவது அபூர்வம். அளம் மூடிய மாதங்களிலும், அதுவும் படுக்கையை விட்டு எழும்போதே தும்மல் என்றால், என் சந்தேகம் தலையணையிலும் பாயிலும் இருக்கும் தூசிப் பூச்சி மீதுதான். கடலோர ஈரக்காற்று அதற்குக் கொண்டாட்டம். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

சொட்டு மருந்தில் சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் இருந்தால், ஐந்து நாளுக்கு மேல் அது கூடாது. தொடர்ந்து போட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். அம்மாவுக்கு நடந்திருப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும். நாள்பட்ட மூக்கு அலர்ஜிக்கு முதன்மை மருந்து ஸ்டீராய்டு ஸ்ப்ரே. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மருத்துவர் சொன்ன அளவில் போட்டால் உடம்பில் சேர்வது மிகக் குறைவு. தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் படாமல் பக்கவாட்டில் படும், ரத்தக் கசிவு வராது. இதைச் செய்து காட்ட இரண்டு நிமிடம் போதும். ஆனாலும் பல இடங்களில் சீட்டு மட்டும்தான் கிடைக்கிறது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் சுத்தமான உப்பு. பாத்தியிலிருந்து அள்ளிய உப்பு இதற்கு ஆகாது.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். பழைய ரிப்போர்ட்டையும் அந்தச் சொட்டு மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி பரிசோதனைக்குச் சொன்னால், தும்மல் மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை உடம்பில் இருந்தால் சோதனை முடிவு தவறாக வரும்.