கடவுள் இல்லையென்றால் மனிதன் விடுதலை பெறுவானா?

தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயாளரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். ஒரு விடுதியிலே அடுத்தடுத்த கட்டில்களில் இருவர் படுத்திருந்தனர். ஒருவர் நம்மவர், செபமாலை கையில் இருந்தது. மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; எழுபதைத் தாண்டியவர். நான் அருகே போனதும் ஆசிரியரே முந்திக்கொண்டார்.

“பாதர், நான் கடவுளை நம்பிறேல்லை. கதைக்கிறதெண்டால் இருங்கோ. செபம் மட்டும் வேண்டாம்.”

“நல்லது மாஸ்டர், கதைப்பம்” என்று கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தேன்.

அவர் தம் கதையைச் சொன்னார். தமக்கையின் சாதகத்திலே செவ்வாய்க் குற்றம் என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். மூன்று கலியாணப் பேச்சுக்கள் அதனாலேயே குழம்பின. அந்தப் பெண் கடைசிவரை தாய் வீட்டிலேயே இருந்து மறைந்தாள். “கோளும் இல்லை, கடவுளும் இல்லை எண்டு நான் தீர்மானிச்ச அண்டைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் நான் பயப்பிடேல்லை” என்றார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த நம்மவரின் கதை வேறு. கழுத்திலே கட்டி தோன்றி ஆறு மாதங்கள் அவர் எந்த வைத்தியரிடமும் போகவில்லை. நேர்த்தி வைத்தார், நவநாள் செய்தார், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று காத்திருந்தார். அந்த நாட்களில் அவர் என்னிடமும் வந்தார். “செபியுங்கள், நானும் செபிக்கிறேன்” என்று ஆசீர்வதித்து அனுப்பினேன். “நாளைக்கே வைத்தியரிடம் போங்கள்” என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் இன்று நம்மிடையே இல்லை.

அன்பு வாசகர்களே, அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த இருவரிலே சுதந்திர மனிதன் யார்? தம் வாழ்வைத் தம் கையிலே வைத்திருந்தவர் யார்? நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டிலும் இதே கேள்வியை எதிர்கொள்கிறார்கள். ஆகவே அதை அஞ்சாமல் ஆராய்வோம்.

நாத்திகம் எதிலிருந்து விடுவிக்கிறது?

கடவுள் மறுப்பு மனிதனுக்கு எந்த விடுதலையும் தருவதில்லை என்று நாம் பிரசங்கத்திலே எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது உண்மைக்கு மாறானது. நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு.

கலாநிதி ஏபிரகாம் கோவூர் 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தவர். அவருடைய தந்தையார் மார்த்தோமா திருச்சபையின் குருவானவர். 1928இல் இலங்கை வந்த கோவூர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே தாவரவியல் படிப்பித்தார். பின்னர் கொழும்பிலே வாழ்ந்து, இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார். தெய்வீக சக்தியால் அற்புதம் செய்வதாகச் சொல்லும் எவரும், மோசடிக்கு இடமில்லாத நிலைமையில் அதைச் செய்து காட்டினால் ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை எவரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. பேய் பிடித்தது, சூனியம் வைத்தது என்று அஞ்சி ஒடுங்கியவர்கள் அவரைத் தேடிப் போனார்கள். அவர்களது அச்சத்தின் காரணத்தை விசாரித்து அறிந்து, பலரை அதிலிருந்து மீட்டார். தம் உடலை மருத்துவ மாணவரின் படிப்புக்கென எழுதிவைத்தார்.

தமிழ்நாட்டிலே பெரியார் ஈ. வெ. ராமசாமி 1925இல் தொடங்கிய இயக்கத்தின் பெயரையும் கவனியுங்கள்: சுயமரியாதை இயக்கம். புரோகிதர் இல்லாமலே நடத்தும் சுயமரியாதைத் திருமணத்தை 1967இன் சட்டத்திருத்தம் செல்லுபடியாக்கியது. நாள், கோள், குலம், புரோகிதர் என்ற நான்கு பூட்டுக்களையும் திறந்துவிட்டு, இனி உன் வாழ்வு உன் கையில் என்று அந்த இயக்கம் சொன்னது. அதைக் கேட்டவர்கள் நிமிர்ந்து நின்றார்கள் என்பதை மறுக்க முடியுமா?

மாவிட்டபுரத்து வாசலிலே

தெல்லிப்பழைக்கு அயலிலே உள்ளது மாவிட்டபுரம். அங்கே கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இல் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டு வாசலிலே அமர்ந்தார்கள். பொது இடங்களில் சாதியின் பேரால் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்திருந்தது. ஆனாலும் வாசல் திறக்கவில்லை. கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் அவர்களைத் தடுப்பதிலே முன்னின்றார். அவர் பக்தர். மக்களோடு நின்ற தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தை வழிநடத்தியவர்களோ நா. சண்முகதாசனின் கட்சியைச் சேர்ந்த கம்யூனிஸ்டுகள்.

இதிலுள்ள முரணைச் சற்று எண்ணிப் பாருங்கள். கடவுளை நம்பாதவர்கள், நம்புகிறவர்கள் கடவுளிடம் போகும் வழிக்காக அடிபட்டார்கள். கடவுளை நம்பியவர் அந்த வழியை மறித்தார். நமது மாஸ்டரும் இளைஞராக அந்த வாசலிலே நின்றவர்தான். “எனக்கு உள்ளுக்குப் போகத் தேவையில்லை பாதர். போக விரும்பினவையை மறிக்கக் கூடாது எண்டுதான் நிண்டனான்” என்றார்.

இந்தக் கதையைக் கேட்டு, அது அயல் சமயத்தாரின் குறை என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. நமது ஆலயங்களிலே எந்தக் குலத்தார் எந்தப் பக்கம் இருப்பது, திருநாளை யார் நடத்துவது, சேமக்காலையில் யாரை எங்கே புதைப்பது என்று எத்தனை வழக்குகள் நடந்தன! ஒரே நற்கருணையை உண்டுவிட்டு அப்படிச் செய்தோம்.

கட்டுப்பாடு யார் கையிலே?

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். கடவுளை நீக்கிவிட்டால் மனிதன் தானே தனக்கு எசமானன் ஆகிவிடுகிறானா?

1967இலே அல்பேனிய அரசு தன் நாட்டின் தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் மூடியது. தன்னை நாத்திக நாடு என்று அறிவித்தது. அந்த மக்களுக்குக் கிடைத்தது விடுதலை அன்று. கடவுளின் ஆசனத்திலே கட்சித் தலைவர் ஏறி அமர்ந்தார். 2008இல் வெளியான ஆய்வொன்றிலே ஏரன் கே என்னும் உளவியலாளரும் அவரது கூட்டாளிகளும் ஒன்றைச் சுட்டிக்காட்டினர்: தம் வாழ்வு தம் கையை மீறிப் போகிறது என உணரும்போது மனிதர் எல்லாவற்றையும் ஆளும் கடவுளிடமோ, பலமான அரசிடமோ சாயும் போக்குக் காணப்படுகிறது. எசமானனைத் தேடும் பழக்கம் நமக்குள் ஆழமாகக் கிடக்கிறது. ஒருவனை வெளியேற்றினால் இன்னொருவன் வந்து அமர்ந்துகொள்கிறான். கட்சியாகவும், பணமாகவும், தன் ஆசையாகவும் அவன் வரலாம்.

ஆனால் நம்பிக்கையிலும் வகைகள் உண்டு. கெனத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு உழைத்தவர்களும் 1988இலே, மனிதர் தம் பிரச்சினைகளைக் கையாளும் முறையை மூன்றாகப் பிரித்தனர். முதலாவது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது. இரண்டாவது, எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகட்டி இருப்பது. மூன்றாவது, கடவுளும் நானும் சேர்ந்து செய்வோம் என்பது. முதலாம், மூன்றாம் வகையினரிடம் ஆற்றலும் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. இரண்டாம் வகையினரிடம் அவை குறைந்திருந்தன. மாஸ்டர் முதல் வகை. நம்மவர் இரண்டாம் வகை. மூன்றாம் வகையை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

மூன்றாம் வகைக்கு அதே தெல்லிப்பழையில் ஒரு முன்மாதிரி உண்டு. துர்க்கை அம்மன் கோயிலின் நிர்வாகத்தைப் பல்லாண்டு தாங்கிய சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) அவர்களை அறியாதவர் யார்? ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கோயிலின் நிழலிலேயே இல்லம் அமைத்தார். பெண்கள் கோயில் நிர்வாகத்தில் தலைமை ஏற்பது அரிதாயிருந்த காலத்திலே அவர் அதைச் செய்தார். பக்தி அவரை ஒடுக்கிவைக்கவில்லை, எழுப்பி நிறுத்தியது.

1990இலே வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு ஓடியதையும் நினைத்துக்கொள்வோம். தெல்லிப்பழையாரும் மாவிட்டபுரத்தாரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்திருந்தார்கள். காணிகள் கட்டம்கட்டமாகத்தான் விடுபட்டன. அப்போது பக்தனிடமும் கட்டுப்பாடு இருக்கவில்லை, நாத்திகனிடமும் இருக்கவில்லை. மனுப் போட்டவர்களும் வீதியிலே அமர்ந்தவர்களும் கோயில் மணியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். அவர்கள் கைகூப்பினார்கள்; அந்தக் கைகளாலேயே மனுவும் எழுதினார்கள்.

திருச்சபை என்ன கற்பிக்கிறது?

1965 டிசம்பர் 7ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 19 முதல் 21 வரையுள்ள எண்கள் இந்தப் பொருளைப் பற்றியவை. ஒவ்வொரு குடும்பமும் அவற்றை வாசிப்பது நல்லது. மனிதன் தானே தனக்கு முடிவாகவும் தன் வரலாற்றைப் படைப்பவனாகவும் இருப்பதே சுதந்திரம் என்று நாத்திகர் கருதுவதைச் சங்கம் மறைக்காமல் எடுத்துச் சொல்கிறது. அதற்கு மறுமொழியாக, கடவுளை ஏற்பதால் மனித மாண்பு குறைவதில்லை என்றும், அந்த மாண்புக்கு அடிப்படையே கடவுள்தான் என்றும் கற்பிக்கிறது. நாத்திகம் தோன்றுவதிலே விசுவாசிகளுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதையும் அதே சங்கம் ஒப்புக்கொள்கிறது. தவறான போதனையாலும் குறையுள்ள வாழ்வாலும் நாமே கடவுளின் முகத்தை மறைத்துவிடுகிறோம்.

ஆண்டவர் சொன்ன ஊதாரி மைந்தன் உவமையிலே தந்தைக்கு இரண்டு மக்கள். இளையவன் பங்கைக் கேட்டான். தந்தை தடுக்கவில்லை, கொடுத்து அனுப்பினார். மூத்தவன் வீட்டிலேயே இருந்தான். ஆனால் கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது என்ன? இத்தனை ஆண்டுகள் அடிமையைப்போல உழைத்தேன் என்ற முறைப்பாடு! இளையவன் சுதந்திரத்தைத் தந்தையின் வீட்டுக்கு வெளியே தேடினான். மூத்தவன் வீட்டுக்குள்ளேயே அடிமையாக வாழ்ந்தான். தந்தை எசமானன் அல்லர் என்பதை இருவருமே அறியவில்லை. நம்மில் அநேகர் அந்த மூத்த மகனின் பிள்ளைகள். கடவுள் தண்டித்துவிடுவார் என்று அஞ்சிக் கோயிலுக்கு வருகிறோம். நேர்த்தி தவறினால் தீங்கு வரும் என்று நடுங்குகிறோம். அந்த அச்சத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளை ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டால், அவன் விட்டுப்போனது கடவுளையா, நாம் காட்டிய எசமானனையா?

மாஸ்டரை மறுபடியும் சந்தித்தேன். சிகிச்சையிலே உடல் மெலிந்திருந்தது. “எல்லாம் என்ர கையிலை எண்டு சொன்னனான். இப்ப ஊசியும் டொக்டரும் சொல்லுறபடிதான்” என்று சிரித்தார். “ஆனால் பக்கத்துக் கட்டில்காரன் போன அண்டு இரவு, அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். செபமாலை கீழை விழுந்திட்டுது. எடுத்துக் கையிலை குடுத்தனான்.”

நம் சகோதரரின் கடைசி மணித்துளியிலே செபமாலையை எடுத்துக் கொடுக்க அங்கே இருந்தவர் அவர்தான். நான் இருக்கவில்லை. நாத்திகர் யாராயினும் இரக்கத்துக்குரியவர் என்று எண்ணும் பழக்கம் அன்றோடு என்னை விட்டுப் போயிற்று. அவரிடம் உள்ள அச்சமின்மையை நான் மதிக்கிறேன். அந்த அச்சமின்மை, தந்தையை அறிந்த பிள்ளைகளான நம்மிடம் அவரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டாமா?

குடும்பத்தில் சிந்திக்க

1. நாம் செபிக்கும்போது, நாம் செய்ய வேண்டிய எதையாவது கடவுள் தலையிலே சுமத்துகிறோமா?

2. நாள், குறிப்பு, நாவூறு, செய்வினை ஆகியவற்றுக்கு நம் வீட்டிலே இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது? பிள்ளைகள் அதிலிருந்து கடவுளைப் பற்றி என்ன படிக்கிறார்கள்?

3. கடவுளை நம்பாத ஒருவர் நம் உறவிலோ அயலிலோ இருந்தால், அவர் எந்தக் காயத்திலிருந்து அந்த முடிவுக்கு வந்தார் என்று ஒருநாளாவது இருந்து கேட்டிருக்கிறோமா?

4. நம் வீட்டில் யாருக்காவது உடலிலே ஆறாத புண்ணோ, வளரும் கட்டியோ இருந்தால், செபத்தோடு இந்த வாரமே வைத்தியரிடமும் செல்வோம்.