ஆந்திராவில் பிடிபட்டவருக்கு ஜாமீன்: மலைக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2013 டிசம்பரில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 2016 ஏப்ரலில் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் நிரூபணமாகாத அந்த வழக்கில் பலர் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்துவிட்டார்கள்.

ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போய், செம்மரம் வெட்டியதாகச் சொல்லும் வழக்கில் மாட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் பயம். ஜாமீனுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் கேஸ் நடப்பது தெலுங்கில், ஜாமீன் நிற்க வேண்டிய ஆள் இருப்பது மலையில், வக்கீலை அமர்த்துவது பல நேரம் கூலிக்குக் கூட்டிப்போன மேஸ்திரி. ஜாமீன் தள்ளிப்போவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான். கீழே உள்ளவை இந்த மூன்றையும் மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை.

செய்ய வேண்டியவை

1. நான்கு விவரங்களை முதலில் எழுதி வாங்குங்கள். எந்த ஸ்டேஷன் அல்லது எந்த வனச்சரகம், குற்ற எண், சட்டப் பிரிவுகள், பிடித்த தேதியும் நேரமும். "திருப்பதி பக்கம் பிடிச்சுட்டாங்களாம்" என்ற தகவலை வைத்துக்கொண்டு எந்த வக்கீலாலும் மனுப் போட முடியாது. குற்ற எண் கிடைத்துவிட்டால் எஃப்.ஐ.ஆர். நகலை வக்கீல் எடுத்துவிடுவார். இகோர்ட்ஸ் செயலியில் கேஸின் நிலையை மலையில் இருந்தபடியே பார்க்கலாம்.

2. 24 மணி நேரக் கணக்கை விடாதீர்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. கைது செய்த தகவலை உறவினருக்குச் சொல்ல வேண்டியதும் போலீஸின் கடமை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 தமிழகத் தொழிலாளர்கள் இறந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தவர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகு இந்த மலையில் யாரும் முதல் நாளை அலட்சியமாக விடக்கூடாது. ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் அன்றைக்கே மாவட்ட எஸ்.பி.க்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் எழுத்து மூலம் புகார் அனுப்பி, அனுப்பிய நேரத்துக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. கைதுக்கான காரணம் தமிழில் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில், ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெலுங்குத் தாளில் கைநாட்டு மட்டும் வாங்கியிருந்தால், அதை ரிமாண்டின்போதே வக்கீல் எழுப்ப வேண்டும்.

4. இலவச வக்கீலைக் கேட்டு வாங்குங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பழங்குடியினருக்கு வருமான வரம்பே கிடையாது. மலையாளி பழங்குடி என்ற எஸ்.டி. சான்று இருந்தால் எடுத்துப் போங்கள். சான்று இல்லையென்றாலும் காவலில் இருப்பவர் என்ற ஒரு தகுதியே போதும். 15100க்கு போன் செய்யலாம். திருவண்ணாமலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, கேஸ் நடக்கும் மாவட்ட ஆணைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லலாம்.

5. காசு கொடுத்து வக்கீல் வைத்தால் விவரமாகப் பேசிக்கொள்ளுங்கள். சித்தூர், திருப்பதி பக்கம் தமிழ் பேசும் வக்கீல்கள் இருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போய் ஆளைப் பார்ப்பீர்களா, வாய்தா தேதியை யார் சொல்வார்கள், பீஸ் ஜாமீன் வரைக்குமா விசாரணை முடியும் வரைக்குமா? இந்த மூன்றையும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

6. காலண்டரில் 60ஆம் நாளையும் 90ஆம் நாளையும் குறித்து வையுங்கள். முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து எண்ண வேண்டும். பத்து ஆண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ, தூக்கோ விதிக்கக்கூடிய குற்றத்துக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே வருகிறது. ஆனால் மனுப் போட்டால்தான் வரும். மனுவுக்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தள்ளுபடியானால் செஷன்ஸ் கோர்ட்டு, அதன்பின் உயர் நீதிமன்றம் என்று மேலே போக வழி உண்டு.

7. "உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும்" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவர் சகோதரர் ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைத் தவறென்று சொல்லி, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். உள்ளூர் ஜாமீன்தாரர் நிபந்தனையைத் தவிர்க்கும்படி 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் ஜெயில் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அப்போதே சொன்னது. பட்டா இல்லாத குடும்பம் என்றால், தொகையைக் குறைக்கவும் நிபந்தனையைத் தளர்த்தவும் வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள்.

8. பையனுக்கு 18 ஆகவில்லை என்றால் பள்ளிச் சான்றோடு ஓடுங்கள். அவன் நிற்க வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம். அங்கே ஜாமீன் விதி வேறு, பெரும்பாலும் எளிது.

செய்யக்கூடாதவை

1. மேஸ்திரி வைத்த வக்கீலைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். கூட்டிப்போனது யார், பணம் கொடுத்தது யார் என்பதைச் சொல்வது உங்கள் பையனுக்கு நல்லதாக இருக்கலாம். மேஸ்திரிக்கு அது ஆகாது. பீஸ் கட்டுகிறவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் நலன் வேறானால் வக்கீல் யார் பக்கம் நிற்பார்? வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது கைதானவர்தான். பிடிக்காத வக்கீலை மாற்றுகிற உரிமையும் அவருக்கே.

2. வெற்றுத் தாளிலோ, படித்துக் காட்டாத தாளிலோ கையெழுத்தோ கைநாட்டோ போடச் சொல்லாதீர்கள். போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிய வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. வனத்துறை அதிகாரி எழுதி வாங்கியதற்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று நம்பிவிட வேண்டாம்.

3. கோர்ட்டு வாசலில் கூலிக்குக் கிடைக்கும் ஜாமீன்தாரரை நாடாதீர்கள். அவர் காட்டுகிற ஆவணம் போலியானால் ஜாமீன் ரத்தாகும், புதுக் கேஸும் சேரும்.

4. ஒரு கேஸில் ஜாமீன் வந்ததுமே வண்டி பேசிக்கொண்டு ஜெயிலுக்குப் போகாதீர்கள். வேறு கேஸ் இருந்தால் வாரண்ட் வந்து உள்ளேயே நிறுத்திவிடுவார்கள். எத்தனை எஃப்.ஐ.ஆரில் பெயர் இருக்கிறது என்று முதலிலேயே வக்கீலைக் கேளுங்கள். தடுப்புக்காவல் சட்டத்தில், அதாவது நம் ஊர் குண்டாஸ் மாதிரி ஆந்திராவில் இருக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், போட்டுவிட்டால் ஜாமீன் மனுவால் பயனில்லை. அதில் 12 மாதம் வரை வைக்கலாம். அரசுக்கும் ஆலோசனைக் குழுவுக்கும் முறையீடு கொடுக்க வேண்டும்; உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட வேண்டும்.

5. "ஒப்புக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்" என்ற பேச்சை நம்பி, வக்கீலைக் கேட்காமல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள். அதன் பெயர் தண்டனை. அடுத்த முறை பிடிபட்டால் அதுவே பழைய குற்றமாக வந்து நிற்கும்.

6. வெளியே வந்தபின் வாய்தாவைத் தவறவிடாதீர்கள். போளூர் இறங்கி, வேலூர், சித்தூர் வழியாகத் திருப்பதி போய் வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் காசும் ஆகும், உண்மைதான். ஆனால் வராதவருக்குப் பிடிவாரண்ட் வரும், ஜாமீன் நின்றவரிடம் பணம் கேட்பார்கள், அடுத்த முறை ஜாமீனே கடினம். போக முடியாத நாளில் முன்கூட்டியே வக்கீலிடம் சொன்னால், ஆஜராவதிலிருந்து அன்றைக்கு மட்டும் விலக்குக் கேட்டு மனுப் போடுவார்.

எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் உத்தரவு, ஜாமீன் உத்தரவு, பீஸ் ரசீது எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். வக்கீல் மாறினாலும் கேஸ் பேப்பர் உங்களிடம் இருக்கும்.